நிகழ்ச்சிகளுக்கான கைப்பட்டை: விநியோகிப்பாளரைத் தேர்ந்தெடுப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழ் அமைப்புகள் நடத்தும் பொங்கல் விழாக்கள், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள், கலை இரவுகள், சமூக மன்றக் குடும்ப தினங்கள் ஆகியவற்றில் நுழைவாயில் பொறுப்பைப் பல ஆண்டுகளாகத் தொண்டூழியராக ஏற்று வருகிறேன். புதிதாகச் செயற்குழுவுக்கு வருபவர்கள், நுழைவு அடையாளமாக மணிக்கட்டில் கட்டும் கைப்பட்டையை வாங்கும் வேலையை எளிதென்று எண்ணிக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும், நான் சொல்லிவரும் பதில்களும் இவை.

விநியோகிப்பாளரைத் தேடுவதற்கு முன்பே நாங்கள் எதை முடிவு செய்திருக்க வேண்டும்?

உங்கள் நுழைவாயில் எப்படி இயங்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பட்டை எத்தனை மணி நேரம் கையில் இருக்கப்போகிறது, வெளியே சென்றவர் மீண்டும் உள்ளே வரலாமா, உணவு வாங்கவும் அதே பட்டைதானா, இருட்டில் தொண்டூழியர் அதைப் பார்த்து அடையாளம் காண வேண்டியிருக்குமா, நிகழ்ச்சி முடிந்தபின் மக்கள் அதை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ள வேண்டுமென்று விரும்புகிறீர்களா என்பவற்றுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதிவிடுங்கள். அந்தப் பக்கம் கையில் இல்லாமல் விலை கேட்டால், மூன்று நிறுவனங்கள் மூன்று வேறு பொருள்களுக்கு விலை சொல்லும். அவற்றை ஒப்பிட வழியே இருக்காது.

என்னென்ன வகைப் பட்டைகள் கிடைக்கின்றன?

பெரும்பாலும் நான்கு வகைகளில் ஒன்றைத்தான் நீங்கள் வாங்கப்போகிறீர்கள்.

முதலாவது டைவெக். பார்வைக்குக் காகிதம் போலத் தோன்றினாலும், இது டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய, உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் இழைகளால் ஆன பொருள். நனைந்தாலும் கிழியாது, பந்துமுனைப் பேனாவால் இதன் மேல் எழுதலாம். அகலம் பெரும்பாலும் 19 அல்லது 25 மில்லிமீட்டர் இருக்கும். ஒட்டும் பகுதியில் சிறு வெட்டுகள் இருக்கும். யாராவது உரித்து இன்னொருவருக்குக் கொடுக்க முயன்றால் பட்டை அந்த வெட்டுகளில் பிய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். வாங்கும்போது அந்த வெட்டுகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவது, அழுத்துப் பொத்தான் கொண்ட வினைல் பட்டை. ஒருமுறை பூட்டினால் வெட்டித்தான் கழற்ற முடியும் என்பதால் இரண்டு மூன்று நாள் முகாம்களுக்கு ஏற்றது. மூன்றாவது துணிப் பட்டை. நெய்யப்பட்டதும் உண்டு, அச்சிடப்பட்டதும் உண்டு. ஒரே திசையில் நகரும் பிளாஸ்டிக் பூட்டுடனோ, கருவியால் நசுக்கி மூடும் உலோக வளையத்துடனோ வரும். உலோக வளையத்தைத் தேர்ந்தெடுத்தால் நசுக்கும் கருவியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்; பெட்டியைத் திறந்தபிறகுதான் கருவி வரவில்லை என்பது தெரியும். நான்காவது சிலிக்கோன். 2004ஆம் ஆண்டு லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அறக்கட்டளையும் நைக்கி நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட மஞ்சள் நிற லிவ்ஸ்ட்ராங் பட்டைக்குப் பிறகு உலகெங்கும் பரவியது இந்த வகைதான். பெரியவர்களுக்கான வழக்கமான அளவு 202 மில்லிமீட்டர் சுற்றளவும் 12 மில்லிமீட்டர் அகலமும் ஆகும்.

எங்கள் விழாவுக்கு எது பொருத்தம்?

ஒரே நாளில் முடியும் நிகழ்ச்சி என்றால் 25 மில்லிமீட்டர் டைவெக் போதும் என்பது என் உறுதியான கருத்து. சிலிக்கோன் அழகாக இருக்கும், ஆனால் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்துவிட முடியும்; எனவே அது நுழைவுச்சீட்டு ஆகாது, நினைவுப்பொருள் மட்டுமே. நன்கொடை திரட்டவும் விழிப்புணர்வு நடைக்கும் அதை வாங்குங்கள். சமையற்கூடத்தில் நிற்கும் தொண்டூழியர்களுக்கு மட்டும் வினைல் கொடுக்கலாம், ஏனெனில் அன்னதானப் பாத்திரங்களைக் காலையிலிருந்து கழுவும் கைகளில் எந்தப் பசையும் நெடுநேரம் தாங்காது.

பட்டையில் தமிழில் அச்சிட விரும்புகிறோம். எல்லா நிறுவனங்களாலும் செய்ய முடியுமா?

எல்லாருமே முடியும் என்றுதான் சொல்வார்கள். இந்த ஒரு கேள்வியில்தான் நம் சமூகத்தினர் அதிகம் ஏமாற்றம் அடைகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அமைப்புக்காக முந்நூறு துணிப் பட்டைகள் செய்யச் சொல்லியிருந்தோம். முன்மாதிரிப் படம் மின்னஞ்சலில் வந்தது. நானே எழுத்தெழுத்தாகப் பார்த்து ஒப்புதல் அளித்தேன். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு பெட்டியைத் திறந்தபோது, ‘தொண்டூழியர்’ என்ற சொல்லின் முதல் எழுத்தில் இருக்க வேண்டிய கொம்பு, தகரத்துக்கு முன்னால் நிற்காமல் அதற்குப் பின்னால் போய் நின்றது. முந்நூறு பட்டைகளிலும் அப்படியே. முன்மாதிரியைத் தயாரித்த கணினி வேறு, ஆலையில் கோப்பைத் திறந்த கணினி வேறு என்பது பிறகுதான் தெரியவந்தது. இரண்டாவது கணினியில் நாங்கள் பயன்படுத்திய எழுத்துரு இல்லை. அதிலிருந்த வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பும் இயக்கப்படவில்லை. அங்கிருந்த எவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாததால் பிழை யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் மாணவத் தொண்டூழியர்கள் நின்றதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. தமிழைக் கொண்டாட வந்த இடத்தில் தமிழே உடைந்து நின்றது.

அன்றிலிருந்து நான் மூன்று விதிகளை விட்டுக்கொடுப்பதில்லை. தமிழ் வரிகளைத் தட்டச்சு எழுத்தாக அனுப்பாமல், வடிவமைப்பாளரிடம் சொல்லி எழுத்துகளைக் கோட்டு வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாகவே அனுப்புகிறேன். அப்போது எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாது. விநியோகிப்பாளர் எங்கள் வரியைத் தாமே மறுபடி தட்டச்சு செய்யக் கூடாது என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுகிறேன். முதலில் அச்சான ஒரு பட்டையைப் புகைப்படம் எடுத்து அனுப்பியபிறகே மீதியை அச்சிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இவற்றைக் கேட்டு முகம் சுளிக்காத நிறுவனமே தமிழ் வேலைக்கு ஏற்ற நிறுவனம்.

எழுத்தின் அளவும் ஒரு சிக்கல். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் கிடைக்கும் உயரம் முழுவதையும் நிரப்பிக்கொள்கின்றன. தமிழுக்கு ‘மி’ போன்றவற்றின் மேல்விலங்குக்கும் புள்ளிக்கும் மேலே இடம் வேண்டும், ‘மு’ போன்றவற்றின் கீழ்விலங்குக்குக் கீழே இடம் வேண்டும். எனவே 12 மில்லிமீட்டர் சிலிக்கோன் பட்டையில் எழுத்தின் உடல் மிகவும் சிறுத்துவிடும். குழிந்த எழுத்தாகச் செய்யும்போது ண, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். நெய்த துணியில் புள்ளி ஓர் இழையாகிக் காணாமற்போகும். ‘தமிழ்’ என்று கொடுத்தது ‘தமிழ’ என்று வரும். நீண்ட வாசகத்தைக் குறைத்து இரண்டு மூன்று சொற்களாக்குங்கள், தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், துணி என்றால் நெய்வதை விட்டு அச்சிடச் சொல்லுங்கள்.

இலவச மாதிரி கேட்டால் தவறாக நினைப்பார்களா?

மாட்டார்கள். வேறொருவருக்குச் செய்த பட்டையின் மாதிரியாக இருந்தாலும் போதும். அதைக் கையில் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுங்கள், குளியுங்கள், கிருமிநாசினி தடவித் தேய்த்துப் பாருங்கள், கட்டியபடியே தூங்கி எழுங்கள். பிறகு பட்டை கிழியாமல் உரிக்க முடிகிறதா என்று முயன்று பாருங்கள். நம் ஊரின் வெயிலிலும் ஈரப்பதத்திலும் வியர்வை நிற்பதே இல்லை. குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் உறுதியாக ஒட்டிய பசை, திடலில் பிற்பகல் மூன்று மணிக்கு என்ன செய்கிறது என்பதே உண்மையான தேர்வு.

விலைப்புள்ளிகளை எப்படி ஒப்பிடுவது?

ஒரு பட்டைக்கு இத்தனை காசு என்ற எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். அந்த எண்ணுக்கு வெளியே நிற்கும் செலவுகள் பல. சிலிக்கோனுக்கு வார்ப்பச்சுக் கட்டணம் உண்டு. ஆகவே குறைந்த எண்ணிக்கையில் அது கட்டுப்படியாகாது. கூடுதல் நிறம், வரிசை எண், இருபக்க அச்சு, அவசரக் கட்டணம், விநியோகக் கட்டணம் ஆகியவை தனித்தனியாகச் சேரும். எல்லாவற்றையும் கூட்டி, நிகழ்ச்சி இடத்துக்கே வந்து சேரும் மொத்தத் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள்.

பொருள் சேவை வரியையும் கவனியுங்கள். 2024 ஜனவரி 1 முதல் அது 9 விழுக்காடு. வரிக்குப் பதிவு செய்த நிறுவனம் மட்டுமே அதை வசூலிக்கலாம். ஆண்டு வருவாய் பத்து லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டாத சிறு நிறுவனங்கள் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே ஒருவர் வரி சேர்த்தும் இன்னொருவர் வரி இல்லாமலும் விலை கொடுத்திருந்தால், மலிவாகத் தோன்றுவது உண்மையில் மலிவா என்பதைக் கணக்கிட்டே சொல்ல முடியும்.

வெளிநாட்டு இணையத்தளத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

கிடைக்கலாம். நேரம் இருந்து, எண்ணிக்கை அதிகமாக இருந்து, எழுத்து எளிமையாக இருந்தால் வாங்குங்கள். 2023 ஜனவரி 1 முதல், விமானம் அல்லது அஞ்சல் வழியாக வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் பொருள் சேவை வரி விதிக்கப்படுகிறது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கவலையெல்லாம் நாள்காட்டியைப் பற்றியதுதான். உள்ளூர் நிறுவனத்திடம் வாங்கினாலும், பல வண்ணப் பட்டைகளையும் சிலிக்கோனையும் அவர்கள் சீனாவில் செய்வித்து வரவழைப்பது வழக்கம். சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அதற்கு முன்பே ஆலைகள் வேலையைக் குறைக்கத் தொடங்கி, பண்டிகை முடிந்தும் சில நாள் கழித்தே முழுமையாகத் திறக்கும். நம் பொங்கலும் தைப்பூசமும் அதே பருவத்தில் வருகின்றன. அக்டோபர் முதல் வாரத்தில் சீனாவில் தேசிய தின விடுமுறை. அதைத் தொட்டுக்கொண்டே தீபாவளி. ஆகவே பொங்கல் நிகழ்ச்சிக்கான ஆர்டரை நவம்பரிலும், தீபாவளி நிகழ்ச்சிக்கான ஆர்டரை ஆகஸ்ட் இறுதியிலும் கொடுத்துவிடுவது என் வழக்கம். “இது எங்கே செய்யப்படுகிறது?” என்று நேரடியாகக் கேளுங்கள். ஒளிக்காமல் பதில் சொல்பவரிடம் சரக்கு வந்து சேரும் நாளையும் நம்பிக் கேட்கலாம்.

காலம் மிகக் குறைவாக இருந்தால், ஒற்றை நிறத்தில் அச்சிடாத டைவெக் பட்டைகளை உள்ளூரில் இருப்பிலிருந்து வாங்கி, அமைப்பின் முத்திரையைக் குத்திக்கொள்ளலாம். அதில் எந்த வெட்கமும் இல்லை.

நம்பகமான நிறுவனம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இங்கே பதிவு செய்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் யூஇஎன் எனப்படும் தனி எண் உண்டு. நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் அந்த எண்ணைத் தேடி, நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள். பேநவ் எனும் வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை மூலம் பணம் செலுத்தும்போது நிறுவனத்தின் யூஇஎன் எண்ணுக்கே செலுத்துங்கள். திரையில் தோன்றும் பெயர் விலைப்பட்டியலில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். தனியாள் ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குச் செலுத்தச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவை ஆவணச் சோதனைகள். இவற்றைவிட நான் அதிகம் நம்புவது வேறொன்றை: விநியோகிப்பாளர் உங்களிடம் திருப்பிக் கேட்கும் கேள்விகள். நிகழ்ச்சி திறந்தவெளியிலா, சிறுவர்கள் வருவார்களா, எத்தனை வாயில்கள், பட்டையை எப்போது கையில் கட்டுவீர்கள் என்று விசாரிப்பவர், பட்டை கையில் கட்டப்படும் நேரத்தை மனத்தில் கண்டவர். எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு விலை சொல்பவர், சரக்கை அனுப்பியதும் உங்களை மறந்துவிடுவார். தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசினாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

எத்தனை பட்டைகள் வாங்க வேண்டும்?

எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிட நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்குங்கள். தவறாக ஒட்டியவை, குழந்தைகள் கிழித்தவை, கடைசி நேரத்தில் வரும் இசைக்குழுவினரின் உறவினர்கள் என்று அந்தப் பத்தும் செலவாகிவிடும். டைவெக் பட்டைகளுக்கு வரிசை எண் அச்சிடச் சொன்னால், எந்த வாயிலில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பதை கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டியே அறியலாம்.

கியூஆர் குறியீடு அல்லது சில்லு பொருத்திய பட்டை தேவையா?

முன்கூட்டியே பணம் ஏற்றி உணவுக் கடைகளில் தட்டிச் செலுத்தும் ஏற்பாடோ, பல நாள் நீளும் பெரிய நிகழ்ச்சியோ இல்லையென்றால் சில்லு தேவையில்லை. தேவைப்பட்டால், கைப்பேசியாலும் படிக்கக்கூடிய 13.56 மெகாஹெர்ட்ஸ் வகையைக் கேளுங்கள். ஒவ்வொரு சில்லின் அடையாள எண்ணையும் பட்டியலாகத் தருவார்களா, அந்த எண் பட்டையின் மேல் அச்சிட்ட வரிசை எண்ணோடு இணைக்கப்பட்டிருக்குமா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். பட்டியல் இல்லாத சில்லால் பயனில்லை.

கியூஆர் குறியீட்டுக்கு 25 மில்லிமீட்டர் அகலமும், வெளிர் நிறப் பின்புலமும், கருமையான அச்சும் வேண்டும். வளைந்த மணிக்கட்டில், இரவு வெளிச்சத்தில், உங்கள் தொண்டூழியரின் கைப்பேசி அதைப் படிக்கிறதா என்று மாதிரியில் சோதியுங்கள்.

வருகையாளரின் பெயரையோ அடையாள அட்டை எண்ணையோ பட்டையில் அச்சிடலாமா?

அடையாள அட்டை எண் வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்களிலும், ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய இடங்களிலும் தவிர, அமைப்புகள் அந்த எண்ணைப் பெறுவதோ பயன்படுத்துவதோ கூடாது. விழா நுழைவு அவற்றில் சேராது. பெயர்ப்பட்டியலை விநியோகிப்பாளரிடம் கொடுத்தால், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அந்தத் தகவலுக்கு நீங்களும் பொறுப்பு. வேலை முடிந்ததும் பட்டியலை அழித்துவிடுவதாக எழுதித் தரச் சொல்லுங்கள். வரிசை எண்ணை மட்டும் அச்சிட்டுப் பெயர்ப்பட்டியலை உங்களிடமே வைத்துக்கொள்வது இதைவிடப் பாதுகாப்பானது.

சிறுவர்களுக்கும் முதியோருக்கும் தனிப் பட்டை வேண்டுமா?

சிறுவர்களுக்குத் தனி நிறம் கொடுங்கள். பட்டையின் உட்புறத்தில் பெற்றோரின் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். கூட்டத்தில் தவறிய குழந்தையை அந்த எண்தான் சேர்த்துவைக்கும், வெளியே நிற்பவர் கண்ணிலும் அது படாது. சிலிக்கோன் வாங்கினால் சிறுவர் அளவு தனியாக உண்டு. முதியோரின் தோல் மெலிதாக இருக்கும்; பசை தோலையும் முடியையும் தொடாதவாறு ஒட்ட வேண்டும், ஒரு விரல் நுழையும் தளர்வு வேண்டும். தொண்டூழியர்களுக்கு இதை முன்கூட்டியே செய்து காட்டுங்கள்.

மதுபானம் வழங்கும் விருந்து என்றால்?

18 வயது நிறைந்தவர்களுக்கு வேறு நிறம் கொடுங்கள். அதற்கு டைவெக் அல்லது வினைல் மட்டுமே; கழற்றி மாற்றக்கூடிய எதுவும் கூடாது.

நிகழ்ச்சி முடிந்தபின் பட்டைகளை என்ன செய்வது?

டைவெக் காகிதமன்று, பழைய காகிதங்களோடு சேர்க்க வேண்டாம். வெளியேறும் வாயிலில் ஒரு கத்தரியும் ஒரு பெட்டியும் வைத்தால் தரையில் குப்பை சேராது. ஆண்டையும் தேதியையும் அச்சிடாமல் அமைப்பின் பெயரை மட்டும் அச்சிட்டால், மிஞ்சியவற்றை அடுத்த விழாவுக்கு வேறு வாயிலில் பயன்படுத்தலாம். நான் எப்போதும் அப்படித்தான் கேட்கிறேன்.

பிழையோடு வந்துவிட்டால் என்ன செய்வது?

சரக்கு வந்த அன்றே பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் படித்துப் பார்க்கட்டும். பிழை இருந்தால் புகைப்படத்தோடு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். நீங்கள் ஒப்புதல் அளித்த முன்மாதிரி, விலைப்புள்ளி, பேச்சுவழியில் ஒத்துக்கொண்டவற்றை உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஆகிய மூன்றும் கையில் இருந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் மறுபடி அச்சிட்டுத் தரவோ தொகையைக் குறைக்கவோ முன்வரும். முன்வராவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் பதிவு செய்யலாம். அங்கே வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை.

அந்த முந்நூறு பட்டைகளுக்கு நாங்கள் எதுவும் கோர முடியவில்லை. முன்மாதிரிக்கு ஒப்புதல் அளித்தது தொலைபேசியில். மின்னஞ்சலில் வந்த அந்தப் படத்துக்குத்தான் ஒப்புதல் அளித்தேன் என்று காட்ட எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன். அதில் முதலில் போய்ச் சேர்வது, ஆலையிலிருந்து வரும் முதல் பட்டையின் புகைப்படம்.